அன்னப்பிள்ளையக்காவின் மோவாய்

பல் பகுதிக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது என்று என்னைப் பார்க்க வந்த இளம் டொக்டர்மார் இருவர் சொன்னார்கள். மோவாயில் ஒரு கம்பியை ஒட்டி விசையை அழுத்தினால், உள்ளே நரம்பு வேலை செய்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுமாம். "உங்கடை காலத்திலை என்னத்தை வைச்சுப் பார்த்தனீங்கள், மிஸ்ஸி?" என்று கேட்டார்கள். "பஞ்சும் குண்டூசியும்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்தார்கள். சிரியுங்கள் பிள்ளைகளே, நன்றாகச் சிரியுங்கள். அந்தப் பஞ்சையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிகூட உங்களுக்கு அந்த இயந்திரத்தால் கிடைக்காது. அதையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள், எழுதுகிறேன். எழுதும்போதே வயிறு குலுங்குவதால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உடுப்பிட்டிக்காரி. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்து நேர்ஸ் வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று, "ஊரான்ரை எச்சிலைத் துடைக்கிறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்று அப்பு முற்றத்தில் நின்று கத்தினார். பாவம் அப்பு, ஏதோ கோபத்தில் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. பயிற்சி முடிந்து கொஞ்சக் காலம் பிள்ளைப்பேற்று வார்டில் ஓடித் திரிந்தேன். பிறகு பல் அறைக்குப் போட்டார்கள். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் துடைத்ததெல்லாம் ஊரான் எச்சில்தான். எந்த ஊர்க்காரர் எவ்வளவு வெற்றிலை போடுவார் என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பல் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் தேவசகாயம். நெட்டை மனிதர். கையில் எப்போதும் கராம்பு எண்ணெய் மணக்கும். ஒரு பகிடியைத் தொடங்கினால் முடிக்கமாட்டார், பாதியிலேயே தான் சிரித்துவிடுவார். மீதியை நாங்கள்தான் ஊகிக்கவேண்டும். ஆனால் ஒருவருடைய வாய்க்குள் விரலை வைத்துவிட்டாரோ, அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்ததென்று தெரியாது. பல் பிடுங்குவது அவருக்குச் சலிப்பு. அடிபட்டுத் தாடை உடைந்து வருகிறவர்களின் நரம்பைப் பார்ப்பதென்றால் பொழுது போவதே தெரியாது. கீழ்த்தாடை எலும்புக்கு உள்ளே ஒரு குழாய் ஓடுகிறது. அதற்குள்ளால் ஒரு நரம்பு வந்து, முன்பக்கத்தில் ஒரு சின்னத் துவாரத்தால் வெளியே எட்டிப் பார்த்து, கீழ்ச் சொண்டுக்கும், அதுதான் உதட்டுக்கும், மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது. தாடை உடைந்தால் அந்த நரம்பு நசியும், சிலவேளை அறுந்தும் போகும். நசிந்தால் பொறுத்திருக்கலாம். அறுந்தால் பொறுத்திருந்து பயனில்லை. வெளியே நின்றுகொண்டு எது நடந்ததென்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வார். பஞ்சை நூல்போலத் திரித்து, சொண்டின் ஓரத்திலிருந்து மோவாய்வரை மெல்ல இழுப்பார். அடுத்தது குண்டூசி. குத்தினது கூர்ப்பக்கமோ மொட்டைப்பக்கமோ என்று கேட்பார். அதற்குப் பிறகு சுடுதண்ணீரில் வைத்த கரண்டி ஒன்று, மண்பானைத் தண்ணீரில் வைத்த கரண்டி ஒன்று. எல்லாவற்றையும் முதலில் தன் மோவாயில் வைத்துப் பார்ப்பார், அடுத்தது என் மோவாய், அதற்குப் பிறகுதான் நோயாளி. விறைத்துப்போன இடத்தைச் 'செத்துப்போச்சு' என்று அறைக்குள் யாரும் சொல்லக்கூடாது. 'நித்திரை' என்றுதான் சொல்லவேண்டும். சிலவேளை நோயாளியின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, "எழும்பு மோனை, விடிஞ்சு போச்சு" என்று நரம்போடு கதைப்பார். புதிதாக வந்தவர்கள் பயந்துபோய் என்னைப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்களிடம் இந்தச் சோதனைக்கு ஒத்துவராத ஒரு குணம் இருந்தது. டொக்டர் கேட்டு 'இல்லை' என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். இணுவிலிலிருந்து வந்த ஒரு கமக்காரரை மறக்கமாட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார்.

"தொட்டது தெரியுதோ, அண்ணை?"

"ஓம் ஐயா."

"இப்ப?"

"ஓம் ஓம், நல்லாத் தெரியுது."

"அண்ணை, நான் இன்னும் தொடேல்லை."

மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை. "நீங்கள் தொடுவியள் எண்டு எனக்கு நம்பிக்கை இருக்குதையா" என்றார். டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். அன்றிலிருந்து தொட்டுக் கேட்பது பாதி, தொடாமல் கேட்பது பாதி என்று ஆகிவிட்டது.

இனி அன்னப்பிள்ளையக்காவுக்கு வருகிறேன். உரும்பிராய்க்காரி, ஐம்பதைத் தாண்டிய மனுசி, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. அந்தப் பக்கத்தில் யாராவது மோசம் போனால் பறைக்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னமே அவருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்படி ஒப்புச் சொல்லி அழுவார். செத்தவர் யார், என்ன குணம், எந்தத் தோட்டத்துக்கு எப்படித் தண்ணீர் இறைத்தார் என்பதெல்லாம் அந்தந்த இடத்திலேயே பாட்டாக வரும். காசுக்காகப் போகிறவர் இல்லை. அவர் வந்து அழாவிட்டால் செத்தவீடு நிறைவில்லை என்பது ஊரின் எண்ணம்.

ஒரு மழைக்கால விடியலில் மாட்டுவண்டியில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தாடையைச் சால்வையால் தூக்கிக் கட்டியிருந்தது. பின்னால் மகன் கந்தையா ஒரு பூவரசங் கதியாலைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அதுதான் வேலிக்கு நடுகிற தடி. களவெடுத்தவனைப் பொலிசிடம் கொடுப்பதுபோல அதை டொக்டருக்கு முன்னால் நிறுத்தி, "இதுதான் ஐயா அம்மாவுக்கு அடிச்சது" என்றான்.

டொக்டர் கதியாலை மேலும் கீழும் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "இவருக்கு ஒண்டுமில்லை, சுகமாய் இருக்கிறார். கொண்டுபோய் நட்டுவிடு" என்று சொல்லிவிட்டுத்தான் அக்காவிடம் திரும்பினார். உடைந்த தாடையோடு அன்னப்பிள்ளையக்கா சிரிக்க முயன்று நோவில் முனகினார்.

நடந்தது இதுதான். பக்கத்து வளவு அவருடைய செத்துப்போன அண்ணனின் மனைவி மீனாட்சியக்காவுடையது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலி. வேலி என்று சொன்னால் யாழ்ப்பாணத்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போதெல்லாம் சண்டை. அந்த மழைக்கு மீனாட்சியக்கா நட்ட கதியால் ஒரு சாண் இங்கால் வந்துவிட்டதென்று, அன்னப்பிள்ளையக்கா அதைக் கட்டிப் பிடித்து இழுத்திருக்கிறார். வேர்விட்ட கதியால் முதலில் அசையவில்லை. பிறகு ஒரேயடியாகக் கழன்று வந்து தாடையில் அடித்து ஆளை மல்லாத்திவிட்டது. முதலில் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து தாடையைத் தாங்கிப் பிடித்தவர் மீனாட்சியக்காதானாம். தாங்கிப் பிடித்தபடியே வண்டி வரும்வரை ஏசினாராம்.

வலப்பக்கத் தாடை, கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் உடைந்திருந்தது. டொக்டர் தாடையின் அடி விளிம்பில் பெருவிரலை ஓட்டி, படிபோல ஏறியிறங்கிய இடத்தை என் விரலாலும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம், மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிவிடுவதுதான். கம்பியை முதலில் இரண்டு குறட்டால் பிடித்து நன்றாக இழுத்துவிடுவார், பிறகு தளராமல் இருப்பதற்காக. ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் சுற்றி, முறுக்கு எல்லாவற்றையும் வலப்பக்கமாகவே முறுக்குவார். "நாளைக்கு நான் செத்துப்போனாலும் கழட்டுறவன் எந்தப் பக்கம் கழட்டுறதெண்டு முழிசக்கூடாது, மிஸ்ஸி." முறுக்கிய நுனிகளைச் சொண்டில் குத்தாதபடி பல்லிடுக்கில் மடித்துவிடுவார். எல்லாம் முடிய, சத்தி வந்து வாந்தியெடுத்தால் உடனே கம்பியை வெட்டுவதற்கு ஒரு சின்ன வெட்டுக்குறட்டைக் கயிற்றில் கோத்து நோயாளியின் கழுத்தில் நான் கட்டிவிடுவேன்.

ஒப்புச் சொல்லுகிறவருக்கு வாய்ப்பூட்டு! உரும்பிராய் முழுக்க அதுதான் கதை. அக்கா கஞ்சியைப் பல்லிடுக்கால் உறிஞ்சிக்கொண்டு, கழுத்தில் குறட்டோடு செத்தவீடுகளுக்குப் போய், 'ம்ம்ம்' என்று முனகியே ஒப்பேற்றினாராம். அந்த முனகலுக்கே பெண்கள் உருகி அழுதார்களாம்.

கம்பி கழற்றிய அன்று எலும்பு நன்றாக ஒட்டியிருந்தது. நரம்புதான் நித்திரை. வலப்பக்கக் கீழ்ச் சொண்டும் மோவாயும் கட்டைபோல விறைத்துக் கிடந்தன. சாப்பிடும்போது சோற்றுப் பருக்கை மோவாயில் ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் நின்று மீனாட்சியக்கா, "எடியே, நாடியைத் துடையடி!" என்று கத்துவாராம். அதற்கும் சண்டை.

டொக்டர் பஞ்சை இழுத்து, உணர்ச்சி நிற்கிற இடங்களையெல்லாம் ஊதாப் பென்சிலை நனைத்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கினார். பழைய கோட்டுக்கு உள்ளே புதிய கோடு சுருங்கி வந்தால் நரம்பு எழும்புகிறது என்று அர்த்தம். நான் கண்ணாடியைக் காட்டினேன். அன்னப்பிள்ளையக்கா திடுக்கிட்டுப்போனார். "என்ரை முகத்துக்கும் வேலி அடைச்சுப்போட்டியளே ஐயா!"

அடுத்தமுறை வந்தார். கோடு சுருங்கவில்லை. அதற்கு அடுத்தமுறையும் அதே கோடு. உள்ளே எங்கே தொட்டாலும் "இல்லை ஐயா" என்றார். தொடாமல் கேட்டாலும் "இல்லை" என்றார். 'ஓம்' சொல்லாத நோயாளியைக் கண்டு எங்களுக்கு முதலில் சந்தோசப் புழுகம், பிறகு கவலை. டொக்டரின் சிரிப்பு குறைந்துவிட்டது. கொழும்புக்கு அனுப்பித் தாடையைத் திறந்து நரம்பைத் தேடவேண்டி வருமோ என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். திறந்தால் இருக்கிற கொஞ்சமும் போகலாம். திறக்காவிட்டால் அறுந்தது அறுந்ததாகவே கிடக்கும். இரண்டு மனமாக நின்றார்.

அந்த நேரத்தில் யன்னலால் வந்த ஒரு கட்டெறும்பு அக்காவின் மோவாயில் ஏறி, ஊதாக் கோட்டைத் தாண்டி உள்ளே போனது. அக்கா பட்டென்று அதை அடித்தார். நானும் டொக்டரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"எணை, எறும்பு ஊர்ந்தது தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுதுதான்."

"அப்ப ஏன் நான் தொடேக்கை இல்லையெண்டு சொன்னனீ?"

"அது எல்லைக்கு உள்ளை அல்லோ ஐயா! அதுக்குள்ளை தெரியக்கூடாதெண்டுதானே நீங்கள் கோடு போட்டனீங்கள்?"

அதுமட்டுமில்லை. முகம் கழுவும்போது கோடு அழிகிறதென்று, வீட்டில் கந்தையாவின் ஊதாப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு காலையும் அதே இடத்தில் அதே கோட்டைப் புதுப்பித்து வந்திருக்கிறார். "எல்லையை நகர விடலாமோ ஐயா?" என்று எங்களையே கேட்டார். டொக்டர் சிரித்த சிரிப்பில் கதிரையின் கால் முறிந்திருக்கும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டை அழித்துவிட்டு, எல்லை கில்லை ஒன்றுமில்லை, தெரிவதைச் சொல்லு என்று சொல்லி மறுபடி பார்த்தோம். பாதி இடம் எழும்பியிருந்தது! நரம்பு வெளியே வருகிற இடத்தில் டொக்டர் விரல் நுனியால் தட்ட, "ஐயோ, எறும்புக் கூட்டமாய்ச் சொண்டு நுனிக்கு ஓடுது" என்றார் அக்கா. அறுந்த நரம்பில் அப்படி ஓடாது. கொழும்புக்குப் போகத் தேவையில்லை. டொக்டர் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

நல்ல காலம் அத்தோடு முடியவில்லை. முடிந்திருந்தால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

உரும்பிராயில் ஒரு வாத்தியார் மோசம் போனார். அன்னப்பிள்ளையக்கா போய்த் தலைமாட்டில் இருந்து, நெஞ்சில் அடித்து ஒப்பைத் தொடங்கினார். கண்ணீர் வழிந்தது. கன்னத்தால் இறங்கி மோவாயில் பட்டதும், 'ஹீ' என்று ஒரு சிரிப்பு வந்துவிட்டது! அடக்கப் பார்த்தார். அடுத்த சொட்டு, அடுத்த சிரிப்பு. துக்கத்தில் விசர் பிடித்துவிட்டதென்று வாத்தியாரின் பெண்சாதி ஓடிவந்து ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றினாராம். அந்தத் தண்ணீரும் மோவாயால்தானே ஓடவேண்டும்? அக்கா விழுந்து புரண்டு சிரித்தாராம். பந்தலுக்குள் இருந்த சின்னப் பிள்ளைகளும் தொற்றிக்கொண்டு சிரித்தார்களாம்.

மறுநாள் எங்களிடம் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. கதிரையில் இருந்து முந்தானையால் மோவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வாத்தியார் வீடு போகட்டும், ஐயா. மச்சாள் மீனாட்சி படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள். நெஞ்சுவருத்தம், கால் வீங்கிப் போச்சு. 'நான் செத்தால் நீதான் எனக்கு ஒப்புச் சொல்லவேணும், வேற ஒருத்திக்கும் வராது' எண்டு முந்தியே சொல்லிப்போட்டாள். நான் ஓமெண்டு சொன்னனான். அவளின்ரை பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்து நான் சிரிச்சால் ஊர் என்ன சொல்லும்? வேலிக்காரி செத்த புழுகத்திலை சிரிக்கிறாள் எண்டு சொல்லும். நான் பேந்து உயிரோடை இருந்து என்ன?"

டொக்டர் சிரிக்கவில்லை. எப்போது கூசுகிறது, அழுத்தித் தொட்டாலா மெல்லத் தொட்டாலா, சுடுதண்ணியா குளிர்தண்ணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அழுத்திப் பிடித்தால் கூச்சமில்லை. மெல்லப் பட்டால்தான் உயிர் போகிறது. "நரம்பு நித்திரையாலை எழும்பியிட்டுது, எணை. ஆனா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிக்குது. எது தொட்டாலும் அதுக்குத் திடுக்கிடுகிறதுதான் தெரியும். தொடுகிறது இன்னதெண்டு திரும்பப் பழக்கவேணும்."

பழக்கினோம். முதலில் சாக்குத் துணியால் அழுத்தித் தேய்ப்பது. அது பழகியதும் கம்பளி. பிறகு என் பட்டுச்சேலைத் தலைப்பு. பிறகு பஞ்சு. வரவர மெல்லிய பொருளாக வரவேண்டும். எல்லாவற்றிலும் மெல்லியது ஒரு சொட்டு வெந்நீர், உப்புப் போட்டது. மருந்து விடுகிற கண்ணாடிக் குழாயால் நான் அவருடைய கன்னத்தில் ஒரு சொட்டு விடுவேன். அது உருண்டு மோவாய்க்கு வரும்வரை நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பலநாள் அக்கா சிரித்து நாங்களும் சிரித்து வேலை கெட்டது. ஒருநாள் சொட்டு மோவாயைக் கடந்து விழுந்தது. அக்கா அசையவில்லை! நான் கைதட்டினேன்.

"சும்மா இருக்கேக்கை சரி," என்றார் டொக்டர். "அழேக்கை பார்க்கவேணும். ஒரு ஒப்புச் சொல்லணை."

"ஆரை நினைச்சு அழுறது? ஆளில்லாமல் எனக்கு ஒப்பு வராது."

"என்னை நினைச்சு அழு."

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குரலெடுத்தார்:

"கராம்பு மணக்கும் கையாலை – என்ரை ஐயா
கடைவாய்ப் பல்லுப் பிடுங்கினியே
குறடெல்லாம் அழுகுதையா – நீ இருந்த
கதிரையும் வெறுமையாச்சே!"

அந்தக் குரலின் வலிமையை எப்படிச் சொல்வேன்! டொக்டர் எனக்கு முன்னால் முழு உயிரோடு இருக்கிறார், என் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. டொக்டர் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, தன் ஒப்பாரியைத் தலையாட்டி ரசித்துக்கொண்டிருக்கிறார்.

வெளியே விறாந்தை வாங்குகளில் பல்லு நோவோடு குந்தியிருந்த சனத்துக்கு இது தெரியுமா? உள்ளே இருந்து ஒப்புக் கேட்கிறது, அதுவும் டொக்டரின் பெயருக்கு. ஒரு கிழவி "ஐயோ எங்கடை ராசா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு எழும்ப, விறாந்தை முழுவதும் ஒப்பாரி. வார்டுகளிலிருந்து நோயாளிகள் இறங்கி வந்தார்கள். யாரோ டொக்டரின் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். டொக்டரின் மனைவி காலில் செருப்பில்லாமல், கோயில் போதகரையும் கூட்டிக்கொண்டு அழுதபடி ஓடிவந்து கதவைத் தள்ளித் திறந்தார். பார்த்தால் செத்தவர் கதிரையில் இருந்து தாளம் போடுகிறார்.

"இஞ்சரும், கொஞ்சம் பொறும்," என்றார் டொக்டர் மனைவியிடம். "இன்னும் ஒரு அடி கிடக்கு."

அந்த அம்மா பக்கத்தில் இருந்த எச்சில் கோப்பையைத் தூக்கி எறிந்தார். நல்லவேளை, வெறுங்கோப்பை. பிறகு சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். போதகர் சிரித்தார். விறாந்தை சிரித்தது. பல் பிடுங்க வந்த ஒருவர் நோவே போய்விட்டதென்று வீட்டுக்குப் போய்விட்டார். அன்னப்பிள்ளையக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அது கூச்சத்தாலா, பகிடியாலா என்று பிரிக்க முடியாமல் போனதால், அன்றைய சோதனை செல்லாது என்று டொக்டர் அறிவித்தார்.

இந்தக் கதை ஊர் ஊராகப் போய் மீனாட்சியக்காவின் படுக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் ஆளனுப்பினார். அன்னப்பிள்ளையக்காவுக்குத் தனியே போகப் பயம். "மிஸ்ஸி, நீயும் வா, நாடியைப் பிடிக்கிறதுக்கு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. இரண்டு வீட்டாரும் குனிந்து போய்வரும் ஓட்டை. கதியால் கழன்ற இடம் அதுதானாம். யாரும் அதைத் திரும்ப அடைக்கவில்லை.

மீனாட்சியக்கா சாய்மனைக் கதிரையில் தலையணைகளுக்கு நடுவே மெலிந்துபோய்க் கிடந்தார். கண் மட்டும் கூர்.

"எடி, டொக்குத்தருக்கு ஒப்புச் சொன்னியாம். உயிரோடை இருக்கிற ஆம்பிளைக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக்கூடாதோ? இப்ப சொல்லு. நான் செத்தாப் பேந்து எனக்குக் கேக்குமோ?"

"உனக்கு விசரோடி, மச்சாள்?"

"சொல்லடி!"

அன்னப்பிள்ளையக்கா நிலத்தில் இருந்தார். குரல் மெல்ல வந்தது.

"வேலிக்கு அங்காலை விளக்கு வைப்பாய் – என்ரை மச்சாள்
வெளிச்சம் எனக்கும் வருமேயடி
ஏசிற சத்தம் கேளாமல் – இனி நான்
எப்பிடிக் கண்ணை மூடுவனோ..."

கண்ணீர் இறங்கியது. நான் அவருடைய மோவாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொட்டு உருண்டு வந்து வலப்பக்கத்தில் நின்றது. அக்காவின் சொண்டு துடித்தது. ஐயோ, வரக்கூடாது, வரக்கூடாது என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். வந்துவிட்டது! பொங்கிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்தினார், மூக்கால் வந்தது. மீனாட்சியக்கா திகைத்துப் பார்த்தார். அவருடைய தோளும் குலுங்கத் தொடங்கியது. இரண்டு பேரும் ஒருவரின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் முன்னும் பின்னும் கேட்டதில்லை.

மூச்சு வந்ததும் மீனாட்சியக்கா சொன்னார்: "இது நல்லாயிருக்கடி. அழுறதுக்கு ஊரிலை ஆக்கள் கிடக்கு. என்ரை செத்தவீட்டிலை நீ இப்பிடித்தான் சிரிக்கவேணும்."

"ஊர் என்ன சொல்லும்?"

"நான் கேட்டனான் எண்டு சொல்லு. இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சம், போகேக்கை உன்ரை சிரிப்பைக் கேட்டுக்கொண்டு போறன். சிரிப்பியோ?"

"ஓம்" என்றார் அன்னப்பிள்ளையக்கா. எங்கள் ஆட்கள் டொக்டருக்குச் சொல்லுகிற ஓம் மாதிரி இல்லை அது.

கொஞ்ச நாளில் மீனாட்சியக்கா போய்விட்டார். டொக்டர் எனக்கு விடுப்புத் தந்து, "போய் அவவுக்குப் பக்கத்திலை இரும்" என்றார். பந்தல் நிறையச் சனம். அக்கா சிரிக்கப்போகிறார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பிரேதத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அக்காவின் மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்குப் பின்னால் முழங்காலில் இருந்தேன்.

ஒப்புத் தொடங்கியது. அடுத்தடுத்துக் கண்ணீர் ஓடியது. மோவாயில் வந்து நின்று, துளிர்த்து, சேலையில் விழுந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. அக்கா சிரிக்கவில்லை. பாட்டை நிறுத்தி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பயந்துபோன முகம்.

"மிஸ்ஸி, சிரிப்பு வருகுதில்லை."

என் வாய் தானாகவே பல் அறைக் கேள்வியைக் கேட்டது. "அக்கா, நாடியிலை பட்டது தெரியுதோ?"

"தெரியுது."

"என்னமாய்த் தெரியுது?"

"கண்ணீராய்த்தான் தெரியுது, மிஸ்ஸி," என்றார். "அவள் கேட்டவள். நான் ஓமெண்டு சொன்னனான். கண்ணீராய்த்தான் தெரியுது."

குணமாகிவிட்டது. இத்தனை மாதமாக நாங்கள் பாடுபட்டது இதற்குத்தான், இந்த ஒரு சொட்டுக்குத்தான். அழுகை வருகிறதென்று நினைத்து வாயைத் திறந்தேன். சிரிப்பு! அடக்க முடியாத, உடம்பெல்லாம் குலுங்குகிற சிரிப்பு. உடுப்பிட்டியிலிருந்து வந்த நேர்ஸ் மிஸ்ஸி, நிறைந்த செத்தவீட்டில், பிரேதத்துக்கு முன்னால், பொங்கிப் பொங்கிச் சிரிக்கிறேன். சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

அன்னப்பிள்ளையக்கா என் தலையை இழுத்துத் தன் தோளோடு இறுக்கிப் பிடித்தார். "சிரி, மிஸ்ஸி, நல்லாய்ச் சிரி" என்று காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு, என் சத்தம் வெளியே கேட்காதபடி குரலை உயர்த்தி அழுதார்.